முதுகுப் புண்ணும் மான்கொம்புக் கல்லும்

முதுகில், கடைசி விலா எலும்புக்குச் சற்றுக் கீழே ஒருவருக்குக் கட்டி வருகிறது. பழுத்து உடைந்து சீழ் வடிகிறது. மருத்துவர் கீறிச் சுத்தம் செய்து, மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். புண் ஆறிவிடுகிறது. சில வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வீக்கம், மறுபடியும் சீழ். சர்க்கரை நோயா என்று பார்க்கிறார்கள், காசநோயா என்று பார்க்கிறார்கள். இரண்டும் இல்லை. இன்னொருவர் மாதக்கணக்கில் இருமுகிறார். துப்பினால் மஞ்சளாகச் சீழ் வருகிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடியில் ஒரு நிழல் தெரிகிறது, ஆனால் சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி அகப்படவில்லை. மூன்றாவது ஒருவரால் வலது காலை நீட்டிப் படுக்க முடியவில்லை. தொடையை மடக்கி வைத்துக்கொண்டால்தான் வலி அடங்குகிறது. அவர் எலும்பு மருத்துவரைத் தேடிப் போகிறார்.

மூவரும் மூன்று வேறு துறைகளின் வாசலில் காத்திருப்பார்கள். சிறுநீர் கழிப்பதில் தொல்லை என்று மூவரில் ஒருவர்கூடச் சொல்லாமல் இருக்கலாம். ஆனாலும் மூவருக்கும் நோய் பிறந்த இடம் ஒன்றாக இருக்க முடியும். அது பல வருடங்களாகக் கிருமித் தொற்றில் ஊறி, வேலை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு சிறுநீரகம்.

இது அடிக்கடி நடப்பதல்ல. நாட்பட்ட சிறுநீரகத் தொற்று உள்ளவர்களிலேயே மிகச் சிலருக்குத்தான் இந்த நிலை வருகிறது. ஆனால் செத்துப்போன ஓர் உறுப்பு உடலுக்குள் சும்மா கிடக்காமல் எப்படி அக்கம்பக்கத்தையெல்லாம் அரித்துக்கொண்டு போகிறது, மருந்து ஏன் அதைத் தடுப்பதில்லை, கத்தி எடுக்கும் மருத்துவர் ஏன் அங்கே தடுமாறுகிறார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அது புரிந்துவிட்டால், ‘வலிக்கவில்லை, அதனால் கல் இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லப்படும் பேச்சை நாம் வேறு மாதிரிக் கேட்போம்.

பெரும்பாலும் எல்லாம் ஒரு கல்லில்தான் தொடங்குகிறது. சிறுநீரகக் கல் என்றதும் தரையில் புரள வைக்கும் வலிதான் நினைவுக்கு வரும். அந்த வலியைத் தருவது சின்னக் கல். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய நாளத்தில் அது மாட்டிக்கொள்வதால் வரும் வலி. நாளத்துக்குள் இறங்கவே முடியாத பெரிய கல்லோ பல நேரம் சத்தமே போடாது. சிறுநீரகத்தின் உள்ளே, வடிகட்டிய சிறுநீர் சொட்டிச் சேரும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் உண்டு. அவையெல்லாம் போய்க் கூடும் நடுவறை ஒன்றும் உண்டு. பெரிய கல் அந்த நடுவறையை நிரப்பி, ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு கிளையை நீட்டி வளர்கிறது. எக்ஸ்ரேயில் மானின் கொம்புபோல் தெரிவதால் அதற்கு மான்கொம்புக் கல் என்று பெயர்.

இந்தக் கல் பல நேரம் கிருமிகளே கட்டும் கல். புரோட்டியஸ் என்ற பாக்டீரியா யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கிறது. சிறுநீரில் நிறைய இருக்கும் யூரியாவை அந்த நொதி உடைக்கும்போது அமோனியா வெளிப்படுகிறது. வழக்கமாக லேசான அமிலத்தன்மையோடு இருக்கும் சிறுநீர் காரத்தன்மைக்கு மாறிவிடுகிறது. அமிலச் சிறுநீரில் கரைந்து கிடந்த மெக்னீசியமும் பாஸ்பேட்டும் காரச் சிறுநீரில் கரைந்து நிற்க முடியாமல், அமோனியத்தோடு சேர்ந்து படிகமாக இறங்குகின்றன. இந்தப் படிகத்துக்கு ஸ்ட்ரூவைட் என்று பெயர். இதை முதலில் ஒரு கனிமமாக விவரித்தது 1845இல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில். புனித நிக்கோலஸ் தேவாலயம் இருந்த இடத்து மண்ணில், பழைய சாணமும் கழிவும் மட்கிய அடுக்கில் அது கிடைத்தது. கழிவும் பாக்டீரியாவும் காலமும் சேர்ந்தால் மண்ணிலும் அதே படிகம், மனித உடலிலும் அதே படிகம்.

யூரியேஸுக்கு அறிவியல் வரலாற்றில் தனி இடம் உண்டு. நம் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் விதையிலிருந்து, அமெரிக்க வேதியியலர் ஜேம்ஸ் சம்னர் 1926இல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி அதுதான். நொதி என்பது புரதம் என்று அதைக் கொண்டுதான் அவர் காட்டினார். அதற்காக 1946இல் நோபல் பரிசும் பெற்றார். செடியின் விதையில் இருக்கும் அதே வகை நொதி, சிறுநீரகத்துக்குள் புகுந்த ஒரு பாக்டீரியாவின் கையில் கல் கட்டும் கருவியாகிவிடுகிறது.

அந்தக் கல்லின் அடுக்குகளுக்குள்ளேயே பாக்டீரியாக்கள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. ஆன்டிபயாட்டிக் மருந்து ரத்தத்தில் வரும், சிறுநீரில் இறங்கும், கல்லைச் சுற்றியுள்ள கிருமிகளைக் கொல்லும். கல்லுக்குள் அதனால் போக முடியாது. மருந்து நின்றதும் உள்ளே இருப்பவை மீண்டும் பெருகுகின்றன. இதனால்தான் இந்த நோயாளிகளின் பழைய மருந்துச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தால் அதே காய்ச்சல், அதே மாத்திரை, சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். கல் இருக்கும்வரை தொற்று இருக்கும்.

இனி, கல் வெளிவாயை அடைத்துக்கொள்கிறது. சிறுநீர் தேங்குகிறது. தேங்கியதில் கிருமி பெருகிச் சீழாகிறது. அழுத்தம் கூடக்கூட, சுற்றியுள்ள சிறுநீரகத் திசு மெலிந்து சாகிறது. ஆரோக்கியமான ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டும் அலகுகள் இருக்கும். இங்கே அவை ஒவ்வொன்றாக அணைகின்றன. செத்த செல்களின் சவ்வுகளிலிருந்தும் கிருமிகளின் உடல்களிலிருந்தும் கொழுப்பு கொட்டுகிறது. அதை அப்புறப்படுத்த வருபவை பெருவிழுங்கிகள் என்னும் வெள்ளணுக்கள். செத்ததைத் தின்று செரிப்பது அவற்றின் வேலை. ஒரு சாதாரணப் புண்ணில் அந்த வேலை சில நாட்களில் முடிந்துவிடும். இங்கே முடிவதே இல்லை. தின்னத் தின்ன வந்துகொண்டே இருக்கிறது. கொழுப்பைச் செரிக்க முடியாமல் வயிறு நிறைய வைத்துக்கொண்டு அந்தச் செல்கள் உப்பிப்போய் அங்கேயே நின்றுவிடுகின்றன. அவற்றைச் சுற்றி நார்த்திசு வளர்கிறது. சிறுநீரகத்தை வெட்டிப் பார்த்தால், சீழ் நிறைந்த குழிகளின் ஓரமெல்லாம் பொன்மஞ்சள் நிறத்தில் தடித்த ஒரு படலம் தெரியும்.

1916இல் ஆஸ்திரிய நோய்க்கூற்றியலர் பிரீட்ரிக் ஷ்லாகன்ஹாஃபர் இந்த நிலையை முதலில் விவரித்தார். இன்று மருத்துவர்கள் சொல்வது சாந்தோகிரானுலோமேட்டஸ் பைலோநெப்ரைட்டிஸ். வாயில் நுழையாத பெயர்தான். சாந்தோ என்றால் மஞ்சள். கிரானுலோமா என்றால் தீராத தொற்றைச் சுற்றி வெள்ளணுக்கள் திரண்டு உண்டாகும் முடிச்சு. தமிழில் ‘மஞ்சள் முடிச்சுச் சிறுநீரக அழற்சி’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதுவும் நடுவயதுக்கு மேல், அதிகம் வருகிறது. பெரும்பாலும் ஒரு பக்கச் சிறுநீரகத்தில் மட்டும்.

அந்த மஞ்சள் நிறம் கொழுப்புதான் என்பது எப்படித் தெரியும்? நோய்க்கூற்றியல் கூடத்தில் திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றிப் பார்ப்பது வழக்கம். மெழுகில் பதிக்கும் முன் திசுவை ஆல்கஹாலிலும் சைலீனிலும் முக்கி எடுப்பார்கள். இரண்டும் கொழுப்பைக் கரைத்துவிடும். அதனால் நுண்ணோக்கியில் கொழுப்பு தெரியாது. அது இருந்த இடம் மட்டும் சின்னச் சின்ன வெற்றுக் குமிழ்களாகத் தெரியும். செல் முழுக்க நுரை பொங்கியதுபோல் இருப்பதால் இவற்றுக்கு நுரைச்செல்கள் என்று பெயர். மெழுகுக்குப் போகாமல் திசுவை உறைய வைத்துச் சீவி, கொழுப்பில் மட்டும் ஏறும் சிவப்புச் சாயத்தைத் தடவினால், அதே குமிழ்கள் செக்கச்செவேலென்று நிறைந்து நிற்கும்.

இதே காரணத்தால்தான் ஒரு பெரிய குழப்பமும் வருகிறது. சிறுநீரகப் புற்றுநோய்களில் மிகச் சாதாரணமான வகையின் செல்களிலும் கொழுப்பு நிறைய உண்டு. வெட்டினால் அதுவும் மஞ்சள். மெழுகுச் சீவலில் அதன் செல்களும் வெற்றாக, தெளிவாகத் தெரிகின்றன. அந்த வகைக்குத் தெளிசெல் புற்று என்றே பெயர். அந்தக் கொழுப்பு ஏற்கெனவே ஒரு பெரிய ஆராய்ச்சியாளரை வழி தவற வைத்திருக்கிறது. 1883இல் ஜெர்மன் நோய்க்கூற்றியலர் பால் கிராவிட்ஸ், இவ்வளவு கொழுப்பு இருப்பதால் இந்தக் கட்டிகள் சிறுநீரகத்துக்குச் சொந்தமானவை அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் துணுக்குகளிலிருந்து முளைத்தவை என்று எழுதினார். அந்தக் கருத்து பல பத்தாண்டுகள் நிலைத்தது. நுரைச்செல்லும் தெளிசெல்லும் பார்வைக்கு உறவுக்காரர்கள். இன்று அவற்றைப் பிரிப்பது செல்லின் புரத அடையாளங்களைத் தேடும் சாயங்கள். வெள்ளணுவுக்கு உரிய அடையாளம் ஒளிர்ந்தால் அது நுரைச்செல். மேற்படலச் செல்லுக்கு உரிய அடையாளம் ஒளிர்ந்தால் புற்று. ஆனால் இந்த விடை பெரும்பாலும் சிறுநீரகம் வெளியே வந்த பிறகுதான் கிடைக்கிறது. இந்தத் தாமதம் அறுவை அரங்கில் எவ்வளவு பெரிய நெருக்கடி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த மூன்று நோயாளிகள். சீழ் எப்படிச் சிறுநீரகத்தை விட்டு இறங்கி நடக்கிறது?

சிறுநீரகம் வயிற்றுக்குள் மிதக்கவில்லை. முதுகுச் சுவரை ஒட்டி, கடைசி இரண்டு விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. அதன் மேல் மெல்லிய உறை ஒன்று, அதைச் சுற்றிக் கொழுப்பு, கொழுப்பைச் சுற்றி ஒரு சவ்வு. ருமேனிய உடற்கூற்றியலர் டிமிட்ரி ஜெரோட்டா 1895இல் விவரித்ததால் அந்தச் சவ்வுக்கு அவர் பெயர். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே தள்ள, சிறுநீரகமும் இந்தக் கொழுப்புக்குள் சில சென்டிமீட்டர் வழுக்கி இறங்கும். நாட்பட்ட தொற்று உறையைத் தாண்டியதும் இந்த வழுக்கல் நின்றுபோகிறது. கொழுப்பு பலகைபோல் இறுகி எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறது. ஸ்கேன் செய்பவர் ‘மூச்சை நல்லா இழுங்க’ என்று சொல்லும்போது சிறுநீரகம் அசையாமல் நின்றால், அந்த ஓர் அறிகுறியே அனுபவசாலிக்கு நிறையச் சொல்லும்.

பெருவிழுங்கிகளும் மற்ற வெள்ளணுக்களும் கசியவிடும் நொதிகளுக்குக் கிருமி எது, நம் சொந்தத் திசு எது என்று தெரியாது. அவை இரண்டையும் கரைக்கின்றன. சீழ் எங்கே எதிர்ப்பு குறைவோ அங்கே திரும்புகிறது. பின்பக்கம் திரும்பினால், இடுப்பெலும்புக்கு மேலே தசைகள் ஒன்றோடொன்று சரியாகச் சேராத ஒரு முக்கோணம் உண்டு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் லூயி பெட்டியின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அந்த வழியாகச் சீழ் தோலுக்கு வந்தால், அதுதான் முதலாமவரின் முதுகுப் புண். சிறுநீரகத்தின் மேல்முனை உதரவிதானத்தின் மேல் சாய்ந்திருக்கிறது. அந்த விதானத்தின் பின்பகுதியில் தசை நார்கள் சரியாகக் கூடாத மெல்லிய இடம் ஒன்று உண்டு. அதை அரித்து மேலே ஏறும் சீழ், நுரையீரலின் அடிப்பகுதியோடு ஒட்டி, கடைசியில் ஒரு மூச்சுக்கிளைக்குள் திறந்துவிட்டால், சிறுநீரகத்துச் சீழ் இருமலில் வெளியே வரும். இது அரிதினும் அரிது. கீழே இறங்கினால், முதுகெலும்பிலிருந்து தொடைக்கு ஓடும் சோவாஸ் தசையின் உறைக்குள் போகிறது. அந்தத் தசைதான் தொடையை மடக்குவது. அது அழற்சியுற்றால் காலை நீட்டுவதே வேதனை. முன்பக்கம் திரும்பினால் பெருங்குடல் இருக்கிறது. வலப்பக்கம் என்றால் முன்சிறுகுடலும். குடலோடு வழி திறந்துகொண்டால் குடல் கிருமிகளும் காற்றும் சிறுநீரகத்துக்குள் வந்துவிடும்.

இரண்டு இடங்களை இணைத்து உண்டாகும் இப்படிப்பட்ட வழியைப் புரைவழி என்பார்கள். புரைவழி தானாக மூடாததற்குக் காரணம் எளிது. ஒரு முனையில் சீழ் உற்பத்தி நிற்காதவரை மறுமுனை ஆற முடியாது. தோலில் எத்தனை முறை தையல் போட்டாலும் பயனில்லை.

வழி இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? முதுகிலிருந்து ஊசி வழியாகச் சிறுநீரகத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை ஏற்றிப் படம் எடுத்தால், திரவம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியும். மூச்சுக்குழாயில் தெரிந்தால் விவாதம் முடிந்தது. புண்ணிலிருந்து வடிவதில் சிறுநீர் கலந்திருக்கிறதா என்று அறிய இன்னும் எளிய வழி, அந்த நீரில் கிரியேட்டினின் அளப்பது. சிறுநீரகம் கிரியேட்டினினைச் செறிவாக்கித் தள்ளுவதால், ரத்தத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால் அது சிறுநீர்தான். ஆனால் சிறுநீரகம் அறவே செத்திருந்தால் சீழ் மட்டும்தான் வரும். இந்தச் சோதனை கைகொடுக்காது.

இங்கே நோயாளிகளையும் சில சமயம் மருத்துவர்களையும் ஏமாற்றும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போது சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரலாம். ரத்தத்தில் கிரியேட்டினினும் சரியாக இருக்கலாம். நோயுற்ற சிறுநீரகத்தின் வாய் அடைபட்டிருப்பதால் அதன் சீழ் சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்வதே இல்லை. பரிசோதனைக் குப்பியில் நாம் பிடித்துக் கொடுப்பது மறுபக்கச் சிறுநீரகத்தின் சிறுநீர். அது நன்றாக இருக்கிறது, இரண்டு பேர் வேலையை ஒற்றையாகச் செய்கிறது. ரத்த அறிக்கையும் அந்த நல்ல சிறுநீரகத்தைப் பற்றித்தான் பேசுகிறது. இதற்கு மாறாக, காரணம் தெரியாத ரத்தசோகை, உடல் இளைப்பு, மாலையில் லேசான காய்ச்சல், எகிறி நிற்கும் இ.எஸ்.ஆர். ஆகியவைதான் உண்மையைச் சொல்பவை. நம்மூரில் இந்த அறிகுறிகளைக் கேட்டதும் முதலில் காசநோய் நினைவுக்கு வருவது நியாயமே. காசநோயும் சிறுநீரகத்தை இதேபோல் அழிக்கக்கூடியது. இரண்டையும் தேடித்தான் ஆக வேண்டும்.

சந்தேகம் வந்துவிட்டால் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் வழி காட்டும். நடுவில் கல், அதைச் சுற்றி வட்டமாக வீங்கிய கருமையான குழிகள். கரடியின் உள்ளங்காலில் விரல் மெத்தைகள் பதிந்திருப்பதுபோல் தெரிவதால் கதிரியக்க மருத்துவர்கள் இதைக் கரடிப் பாதக் குறி என்கிறார்கள். படம் இவ்வளவு தெளிவாக எப்போதும் அமைவதில்லை. நோய் சிறுநீரகத்தின் ஒரு மூலையில் மட்டும் இருந்தால், படத்தில் அது புற்றுக்கட்டியேதான். குழந்தைகளுக்கு வரும்போது, சிறுவயதுச் சிறுநீரகப் புற்றான வில்ம்ஸ் கட்டி என்று எண்ணி அறுவை செய்யப்பட்டவையும் உண்டு.

எல்லா நாட்பட்ட தொற்றுக்கும் கத்திதான் விடை என்று யாரும் பயப்பட வேண்டாம். பெருவிழுங்கிகள் தடுமாறும் இன்னொரு அரிய நோய் இருக்கிறது, மலக்கோபிளேக்கியா என்று பெயர். 1902இல் மிக்கேலிஸ், குட்மன் என்ற இருவர் அதை விவரித்தார்கள். அங்கே வெள்ளணு கிருமியை விழுங்கிவிடுகிறது, ஆனால் செரித்து முடிக்க முடிவதில்லை. அரைகுறையாகச் செரித்த கிருமியின் மேல் கால்சியமும் இரும்பும் படிந்து, நுண்ணோக்கியில் வளையம் வளையமான உருண்டைகளாகத் தெரியும். செல்லுக்குள் ஊடுருவக்கூடிய ஆன்டிபயாட்டிக்கை நீண்ட நாள் கொடுத்தால் அது பல நேரம் அடங்கிவிடும். மஞ்சள் முடிச்சு நோய் சிறுநீரகம் முழுவதும் பரவிய பிறகு அந்த வாய்ப்பு இல்லை. காப்பாற்றத் தக்க திசு மிச்சமில்லாத இடத்தில் மருந்து எதைக் காப்பாற்றும்? சிறுநீரகத்தை எடுப்பதுதான் வழி.

எடுக்கலாமா என்பதற்கு முன், மறுபக்கம் போதுமா என்று தெரிய வேண்டும். மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளை ரத்தத்தில் ஏற்றி, எந்தச் சிறுநீரகம் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று வெளியே இருக்கும் கேமரா எண்ணும். மொத்த வேலையில் நோயுற்ற பக்கத்தின் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே என்றால், அதை இழப்பதால் பெரிதாக ஒன்றும் குறையப்போவதில்லை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனிதர் வாழ முடியும் என்பதே ஒரு காலத்தில் தெரியாத விஷயம். 1869 ஆகஸ்ட் 2 அன்று ஹைடல்பெர்க் நகரில் குஸ்தாவ் சைமன், நாய்களிடம் முன்கூட்டியே செய்து பார்த்துவிட்டு, ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைத் திட்டமிட்டு எடுத்தார். அந்தப் பெண் பிழைத்தார். அந்த முதல் அறுவையும் ஒரு புரைவழிக்காகத்தான் நடந்தது. முந்தைய அறுவை ஒன்றில் சிறுநீர் நாளம் சேதமாகி, சிறுநீர் வேறு வழியாக ஓயாமல் ஒழுகிக்கொண்டிருந்த துயரத்தைத் தீர்க்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்போது பெரும்பாலும் இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதலில் முதுகு வழியாகக் குழாய் போட்டுச் சீழை வடித்து, கல்ச்சரில் வளரும் கிருமிக்கேற்ற மருந்து கொடுத்து, ரத்தமும் புரதமும் ஏறும்வரை நோயாளியைத் தேற்றுவது. சீழோடும் காய்ச்சலோடும் இருப்பவரை நேராக மேசையில் ஏற்றினால், அறுவையின்போது கிருமி ரத்தத்தில் பாய்ந்து ரத்த அழுத்தம் சரிந்துவிடும் ஆபத்து உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு வரும் வேறொரு கடுமையான தொற்றில் சிறுநீரகத்துக்குள்ளேயே கிருமிகள் வாயுவை உண்டாக்கும். ஒரு காலத்தில் அதற்கு உடனடியாகச் சிறுநீரகத்தை எடுப்பதே வழியாக இருந்தது. குழாய் போட்டு வடிப்பது பழக்கத்துக்கு வந்த பிறகு அவர்களில் பலருக்குச் சிறுநீரகமே தப்புகிறது. மஞ்சள் முடிச்சு நோயில் குழாய் சிறுநீரகத்தைத் தப்பவைக்காது. ஆளைத் தேற்றிக் கொடுக்கும்.

பிறகு அறுவை. சாதாரணமாகச் சிறுநீரகம் எடுக்கும்போது முதல் விதி, அதற்கு வரும் ரத்தக்குழாய்களை முதலில் கண்டுபிடித்துக் கட்டுவது. தமனியைத் தனியாக, சிரையைத் தனியாக. இங்கே அந்த விதியே சிக்கலாகிறது. ரத்தக்குழாய்கள் நுழையும் இடம் கல்லும் தழும்பும் வீங்கிய நிணநீர் முடிச்சுகளுமாக ஒரே கட்டியாக இறுகிக் கிடக்கும். எது குழாய், எது தழும்பு என்று விரலுக்குத் தெரியாது. வலப்பக்கம் என்றால், உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தையெல்லாம் இதயத்துக்கு ஏற்றும் கீழ்ப் பெருஞ்சிரை ஒட்டிக்கொண்டிருக்கும். முன்சிறுகுடலும் அப்படியே. அதை உரிக்கும்போது கிழிந்தால், ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொரு புரைவழியை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

இதற்கு மூத்த மருத்துவர்கள் கையாளும் உத்தி, உறைக்கு வெளியே போகாமல் உள்ளே போவது. சிறுநீரகத்தின் உறையைக் கீறி, உறைக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் விரலை விட்டு, உள்ளே இருப்பதை மட்டும் பிரித்து எடுப்பார்கள். நுங்கு வெட்டித் தரும்போது கட்டைவிரலை விட்டுச் சுளையை நோண்டி எடுக்க, ஓடு அப்படியே நிற்கிறதே, அதேபோல். குடலோடும் பெருஞ்சிரையோடும் பிரிக்க முடியாமல் ஒட்டியது உறைதான். உறையை அங்கேயே விட்டுவிட்டால் அவற்றைத் தொடவே வேண்டியதில்லை. கடினமான இடம் கடைசியில் வருகிறது. ரத்தக்குழாய்கள் நுழையும் வாயில் உறை உட்புறமாகத் திரும்பிக் குழாய்களைச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளிருந்து அதை மறுபடி கீறித்தான் குழாய்களை அடைய முடியும். தனித்தனியாகப் பிரிக்க முடியாவிட்டால் மொத்தக் காம்பையும் ஒரே இடுக்கியில் பிடித்துத் தைப்பார்கள்.

இங்கேதான் நான் முன்பு சொன்ன நெருக்கடி. இது புற்றாக இருந்தால் இந்த உத்தி கூடவே கூடாது. புற்றுக்கு விதி நேர் எதிரானது: ஜெரோட்டா சவ்வுக்கும் வெளியே போய், கொழுப்போடு சேர்த்து, உறையைத் தொடாமல் முழுமையாக எடுக்க வேண்டும். உறைக்குள் போனால் புற்றுச்செல்களை வயிற்றுக்குள் சிதறவிட்டதாகிவிடும். தொற்று என்றால் உள்ளே போ; புற்று என்றால் வெளியே போ. இரண்டும் படத்தில் ஒன்றுபோல், கையில் ஒன்றுபோல், வெட்டினால் நிறத்திலும் ஒன்றுபோல். போதாததற்கு, வருடக்கணக்கில் உராயும் கல்லால் உட்படலம் மாறி, வேறு வகைப் புற்று அதே சிறுநீரகத்தில் ஒளிந்திருப்பதும் எப்போதாவது நடக்கிறது. முன்கூட்டியே ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஊசி புற்று இல்லாத மூலையைத் தொட்டிருக்கலாம். அறுவையின் நடுவே துணுக்கை உறைய வைத்துச் சோதிக்கச் சொல்லலாம். நுரைச்செல்லா தெளிசெல்லா என்று அவசரத்தில் சொல்வது அங்கேயும் கடினம். கல், காய்ச்சல், ஸ்கேன், துணுக்கு எல்லாவற்றையும் எடைபோட்டு, முழு உறுதி இல்லாமலேயே, வயிறு திறந்திருக்கும்போது அறுவை மருத்துவர் முடிவெடுக்கிறார். மருத்துவத்தில் நான் மிகவும் மதிக்கும் துணிவு இது. 1990இல் அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமன் சிறு துளைகள் வழியாக முதல் சிறுநீரகத்தை எடுத்ததிலிருந்து லேப்ராஸ்கோப்பி வெகுதூரம் வந்துவிட்டது. ஆனாலும் இந்த நோயில் துளை அறுவையாகத் தொடங்கிப் பாதியில் பெரிய கீறலுக்கு மாறுவது அதிகம். அப்படி மாறியதைத் தோல்வி என்று குடும்பத்தார் நினைக்க வேண்டியதில்லை.

புரைவழிகளைத் தீர்ப்பது இதற்குப் பிறகு ஒப்பீட்டில் எளிது. பெருங்குடலில் ஓட்டை இருந்தால் அந்தத் துண்டை நீக்கி இணைப்பார்கள். நிலைமை மோசமென்றால் சில மாதங்களுக்கு மலம் வயிற்றின் மேல் பையில் வெளியேற ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு மூடுவார்கள். முன்சிறுகுடல் ஓட்டையைத் தைத்து, வயிற்றுக் கொழுப்புத் திரையின் ஒரு பகுதியை அதன் மேல் போர்த்துவார்கள். உதரவிதானத்தை மூடி, நெஞ்சில் ஒரு குழாய். நுரையீரலை வெட்ட வேண்டியிருப்பது அபூர்வம். கீழேயிருந்து சீழ் வருவது நின்றதும் அது தானாகத் தேறிக்கொள்கிறது. முதுகுப் புண்ணும் அப்படியே.

அறுவைக்குப் பிறகு ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கவனித்துப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று தெரியவரும். இந்த நோயாளிகள் பலருக்குக் கல்லீரல் நொதிகள் அளவு மீறி இருக்கும். கல்லீரலில் நோய் எதுவும் இருக்காது. சிறுநீரகம் போனதும் அவை இறங்கிவிடும். அங்கிருந்து ஓயாமல் கசிந்த அழற்சிப் பொருட்களுக்குக் கல்லீரல் எதிர்வினை காட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று. அந்த எதிர்வினை பல வருடம் நீண்டால், கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம் தவறாக மடிந்து நாராகி, அமிலாய்டு என்ற படிவாக மற்ற உறுப்புகளில் இறங்கத் தொடங்கும். அது முதலில் தேடிப் போகும் இடங்களில் ஒன்று, இதுவரை நன்றாக உழைத்த அந்த மறுபக்கச் சிறுநீரகம். சிறுநீரில் புரதம் ஒழுகுவதுதான் அதன் முதல் அடையாளம். அதனால் எடுத்த கல்லை வேதிச் சோதனைக்கு அனுப்புவதோடு, மிச்சமுள்ள சிறுநீரகத்தில் புதிய கல் இருக்கிறதா என்று ஸ்கேனிலும், புரதம் போகிறதா என்று சிறுநீரிலும் வருடந்தோறும் பார்க்கச் சொல்கிறார்கள். தையல் பிரித்த பிறகு மருத்துவமனைப் பக்கமே வராமல் போகிறவர்கள் இழப்பது இந்தச் சோதனைகளைத்தான்.